பேப்பரில் திறந்த கிளினிக்

"இதுதான் பிரசவ அறை" என்று நர்ஸ் டோர்கஸ் ஒரு மரவள்ளிச் செடியைக் காட்டினாள். "அந்த வரிசை மருந்து குடுக்கிற இடம். பார்த்து வாங்க, வராண்டாவுல நாய் படுத்திருக்கு."

நாய் உண்மையிலேயே படுத்திருந்தது. வராண்டாதான் இல்லை.

லவினா அக்கா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஆறு வாரத்துக்கு முந்தைய எங்கள் பேப்பரைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: 'லோகிரியில் புதிய கிளினிக் திறப்பு. தொகுதி வளர்ச்சி நிதியில் மெம்பரின் பரிசு.' கீழே பெரிய படம். அதில் ஒரு கட்டிடம், பூத்தோரணம், விருந்து, கைகுலுக்கல், கூட்டம். நாங்கள் நின்றதோ மரவள்ளித் தோட்டத்தில்.

"மூணு அறைன்னு போட்டிருக்கே. மூணாவது எங்கே?" என்றேன் நான்.

"அதைப் போன வாரம்தான் தோண்டி அவிச்சுச் சாப்பிட்டோம்" என்றாள் டோர்கஸ். அவள் சிரிக்கவில்லை.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவு நாட்டின் தலைநகர் ஹோனியாராவில் வெளிவரும் ஒரு சின்ன பேப்பரில் லவினா அக்கா நிருபர். வயது ஐம்பது. எதிரே அவள் நடந்து வந்தால் பார்லிமென்ட் மெம்பர்கள் காரை வேறு தெருவில் திருப்புவார்கள். நான் மொஃபாட், மலைதா தீவுக்காரன். அவளுக்குப் படம் எடுப்பவன், பை தூக்குபவன், யாரும் கேட்காமலே கருத்துச் சொல்பவன். இந்த வேலையில் எனக்குப் பதினோரு வருஷம். ஒரு படத்துக்குக் கீழே கூட என் பெயர் வந்ததில்லை.

தோட்டத்தை நாலு கோணத்தில் எடுத்தேன். அக்கா கேமராவை வாங்கிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மறுபடியும் உன் கேமரா வார் மூலையில வந்து விழுந்திருக்கு பாரு. கறுப்பா, வால் மாதிரி."

"அது வார் இல்லக்கா, கையெழுத்து. நீங்க என் பேரைப் போட மாட்டேங்கறீங்க. அதான் எல்லாப் படத்துலயும் இடது மூலையில ஒரு வாலை விட்டு வைக்கிறேன். என்னிக்காவது எவனாவது ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிப்பான்."

"அப்படி ஒருத்தன் வந்தா முதல்ல அதைக் கத்தரிச்சுட்டுத்தான் ஆராய்ச்சியே பண்ணுவான்."

விஷயம் இதுதான். மாகாண சுகாதார ஆபீஸ் லோகிரிக்கு ஒரு நிஜ கிளினிக்கையே ஒதுக்கி வைத்திருந்தது. பலகை, தகரம், கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் கப்பலில் ஏறத் தயாராக இருந்தன. அந்த நேரம் பார்த்து எங்கள் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. அவர்களுக்குத்தான் ஒன்று கிடைத்துவிட்டதே என்று ஆபீஸர் பட்டியலில் லோகிரி பெயரை அடித்துவிட்டு வேறொரு ஊரை எழுதிவிட்டார். டோர்கஸ் நேரில் போய் முட்டிப் பார்த்தாள். "பேப்பர்ல வந்ததை பேப்பரே மறுக்கட்டும்மா, நான் மாத்தித் தரேன்" என்று சொல்லிவிட்டார் அவர். கப்பல் வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறது. இன்று செவ்வாய்.

அப்படியானால் மறுப்புப் போட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். மெம்பரின் தொகுதி ஆபீஸ் விடவில்லை. கிளினிக் இருக்கிறது, லோகிரியைச் சேர்ந்த வேறு குடியிருப்பில் இருக்கிறது என்று ஒற்றைக் காலில் நின்றது. எங்கள் எடிட்டர் வக்கீல் நோட்டீஸ் என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர். "படத்துல கட்டிடம் நிக்குது. அது எந்த ஊர்க் கட்டிடம்னு ஆதாரத்தோட கொண்டாங்க, அதே முதல் பக்கத்துல மன்னிப்புக் கேக்கறேன். சும்மா 'இல்ல, இல்ல'ன்னா நான் கோர்ட்டுல போய் நிக்க முடியாது" என்று சொல்லி அனுப்பினார்.

டோர்கஸ் எங்களைச் சர்ச்சுக்குக் கூட்டிப் போனாள். பாடகர் குழு உட்காரும் நீளப் பெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

"மூணு மாசத்துல ஆறு குழந்தை. எல்லாம் இதுல பொறந்ததுங்கதான். ஏழாவது பிரசவத்துல தாய்க்கு ரத்தம் நிக்கல. மழையில படகுல படுக்க வெச்சு ரெண்டு மணி நேரம் போனோம். இன்னும் அரை மணி லேட்டா வந்திருந்தா ரெண்டும் போயிருக்கும்னு டாக்டர் சொன்னார்." அவள் அக்காவை நேராகப் பார்த்தாள். "இந்தச் செய்தியைப் போட்டீங்களே, ஒருத்தராவது வந்து பார்த்தீங்களா?"

யாரும் வரவில்லை. தொகுதி ஆபீஸ் செய்தியும் படமும் அனுப்பியது, நாங்கள் அச்சடித்தோம். ஹோனியாராவிலிருந்து இந்தக் கடற்கழிக்கு விமானமும் படகும் பிடித்து வருகிற செலவுக்கு எங்கள் பேப்பரை ஒரு வாரம் அச்சடிக்கலாம். இந்தக் காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, மூடிக்கொண்டேன்.

"வரல" என்றாள் லவினா அக்கா. "அதுக்குத்தான் இப்ப வந்திருக்கோம்."

பேப்பரைப் பெஞ்சில் விரித்தாள்.

"மொஃபாட், இந்தப் படத்துல என்ன தெரியுது?"

"விருந்து தெரியுது. வாழை இலையில முழுப் பன்றி. நல்லா வெந்திருக்கு. நாம காலையில இருந்து பிஸ்கட்டுதான் தின்னிருக்கோம்னும் தெரியுது."

"அப்புறம்?"

"எல்லாரும் சிரிக்கறாங்க. வாய் எல்லாம் பாக்குக் கறை."

"டோர்கஸ், இந்த ஊர்ல கடைசியா எப்ப பன்றி வெட்டினீங்க?"

டோர்கஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோகிரி ஏழாம் நாள் சபைக் கிறிஸ்தவர்களின் ஊர். பன்றி, பாக்கு, புகை மூன்றுக்கும் படகுத்துறையோடு தடை. நானே இறங்கும்போது பாக்குப் பையைப் படகில் கயிற்றுச் சுருளுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"இங்க பன்றி வெட்டினா பாஸ்டர் எங்களை வெட்டிடுவார்" என்றாள்.

"ஆபீஸ்ல நாலு பேர் இந்தப் படத்தைப் பார்த்தோம். நாலு பேர் கண்ணுலயும் படல" என்றாள் அக்கா. "சரி, இது லோகிரி இல்ல. எந்த ஊர்? தம்பி, நடுவுல ரெண்டு பேர் கை குலுக்கறாங்களே, பாரு."

"நல்லாத்தான் குலுக்கறாங்க."

"எந்தக் கையால?"

பார்த்தேன். "இடது கையால."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு இடதுகைக்காரங்க சந்திச்சா சந்தோஷத்துல அப்படித்தான் குலுக்குவாங்க."

"பின்னால வாட்ச் கட்டின நாலு பேரும் வலது கையில கட்டியிருக்காங்க. சட்டைப் பையெல்லாம் வலது பக்கம். ஊரே இடதுகை ஊரா?"

"அப்படி ஒரு ஊர் இருந்தா நான் கேள்விப்பட்டிருப்பேன்" என்றேன்.

அக்கா டோர்கஸைப் பார்த்தாள். "முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கா?"

டோர்கஸ் பையைத் துழாவ ஆரம்பித்தாள். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நான் நழுவினேன். காலையிலிருந்து பாக்கு இல்லாமல் என் நாக்கு தேங்காய் நார் போல ஆகியிருந்தது. படகில் ஏறி, ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுண்ணாம்பு தொட்டு நிதானமாக மென்றேன். வாயைக் கடல் தண்ணீரில் மூன்று தரம் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தால், இரண்டு பெண்களும் சர்ச் வாசலில் தயாராக நின்றார்கள்.

"பேரவா!" என்றாள் டோர்கஸ். "நான் மருந்து கடன் கேட்டுப் போற கிளினிக்குங்க அது! படி அந்தப் பக்கம், தண்ணித் தொட்டி இந்தப் பக்கம்னு மாறி இருக்கவும் அடையாளமே தெரியல."

"கிளம்பு" என்றாள் அக்கா என்னிடம். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பாக்கு வாசனை போலிருக்கிறது என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

படகில் அக்கா விவரம் சொன்னாள். யாரோ படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். படத்திலேயே கட்டிடத்தின் பெயர்ப் பலகை மேல் மெம்பர் பெயர் போட்ட பேனர் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். பின்னால் தெரிகிற தீவு இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போய்விட்டால், இந்தக் கடற்கழியில் பிறந்தவனுக்கே ஊர் குழம்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

"ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு மூளையா!" என்றேன்.

"நீயும் அதுல பார்த்திருக்கணும்."

"நான் கொஞ்சம் வேலையா..."

"ஆமா, நல்ல நேரம் பார்த்துதான் போன." அக்கா முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். "பேரவாவுக்கு முன்ன போயிருக்கியா நீ?"

"ரெண்டு வருஷம் முன்ன ஒரு தடவை போயிருக்கேன். சூட்டுக் கல்லுல வேக வெச்சு ஒரு பன்றி போட்டாங்க பாருங்க, இன்னும் நாக்குல நிக்குது."

"எதுக்குப் போன?"

யோசித்தேன். பன்றிதான் ஞாபகம் வந்தது. எதற்குப் போனேன் என்பது சத்தியமாக வரவில்லை.

பேரவா படகுத்துறையிலிருந்தே கட்டிடம் தெரிந்தது. மஞ்சள் சுவர், நீலக் கதவு, தகரக் கூரை. வராண்டாவில் நிஜமான பெஞ்சு, அதில் நிஜமான நோயாளிகள். படியில் உட்கார்ந்து பாதாம் மாதிரியான ங்காலிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த ஒரு பருத்த அம்மாள், ஊர்ப் பெண்கள் சங்கத் தலைவி நெட்டி என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். லவினா அக்கா பேப்பரை நீட்டினாள்.

நெட்டி பார்த்தாள். பேப்பரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு அவர்களிடமும் காட்டினாள். ஒரே சிரிப்பு.

"எங்க பாஸ்டரை மெம்பர் ஆபீஸ்காரர்னு படத்துக்குக் கீழே போட்டுட்டீங்களா? இவர் கையைக் குலுக்கறது நான்தான். முதுகைப் பார்த்தா தெரியலியா? இவ்வளவு அகலமா இந்தக் கடற்கழியில வேற யாரு இருக்கா?"

"இதைத் தொகுதி நிதியில கட்டினாங்களா?" என்றாள் அக்கா.

நெட்டியின் சிரிப்பு நின்றது.

"ஒரு ஆணி கூட அவங்க தரல. மூணு வருஷம் ரொட்டி சுட்டோம், கூடை பின்னி வித்தோம், இந்தக் கொட்டையை உடைச்சு உடைச்சு விரலைப் பாருங்க. திறப்பு விழாவுக்கு மெம்பரைக் கூப்பிட்டோம், வரல. பேப்பரைக் கூப்பிட்டோம், ஒருத்தர் வந்தார். பெரிய கேமரா. அவருக்குன்னு பன்றித் தொடையை முழுசா எடுத்து வெச்சோம். நல்லா சாப்பிட்டுட்டுப் போனார். பேப்பர்ல ஒரு வரி வரணுமே!"

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணைச் சுருக்கினாள்.

"இவர்தான்!" என்றாள். "அடி எல்லாரும் வாங்கடி! தொடைக்கறி வந்திருக்கார்!"

லவினா அக்கா டோர்கஸிடம் வாங்கி வந்த கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துப் பேப்பருக்கு எதிரே பிடித்தாள்.

"இப்பப் பாரு தம்பி. பேப்பர்ல வலது மூலையில ஒரு கறுப்புத் தீற்றல் இருக்குல்ல? மை கொட்டினதுன்னு நெனச்சோம். கண்ணாடியில அது எங்க இருக்கு?"

இடது மூலையில் இருந்தது. கறுப்பாக, நீளமாக, நுனி வளைந்து. என் வால்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். நெட்டி பாவம் பார்த்து ஒரு இளநீரைக் கையில் கொடுத்தாள். அந்த உபசரிப்புதான் அதிகமாக வலித்தது.

"சர்ச்சுலயே தெரிஞ்சுது" என்றாள் அக்கா. "உன் வாயால வரட்டும்னு இருந்தேன். படத்தை யாருக்குக் குடுத்த?"

"யாருக்கும் விக்கலக்கா, சத்தியமா." சொல்லும்போதே ஞாபகம் வந்துவிட்டது. "ஹட்சனுக்குக் குடுத்தேன். என் பெண்டாட்டியோட அண்ணன். சர்ச் காலண்டர் போடணும், கடற்கழி படம் எல்லாத்தையும் குடுன்னு கேட்டார். மொத்தத்தையும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தேன்."

"ஹட்சன் எங்க வேலை பார்க்கறார்?"

"இந்தத் தொகுதி ஆபீஸ்ல."

அக்கா பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தாள். எங்கள் மலைதாவில் மனைவியின் அண்ணன் கேட்டால் காரணம் கேட்கிற வழக்கம் இல்லை. படகைக் கேட்டால் படகு, படத்தைக் கேட்டால் படம். இல்லை என்றவன் பிறகு அந்த வீட்டு விசேஷத்தில் எந்த மூஞ்சியோடு போய் உட்காருவான்? ஹட்சனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

ஊர் முனையில் ஒரு பாறை மேல் ஏறினால் போன் கிடைக்கும் என்றார்கள். ஏறினேன். அக்காவும் கூடவே வந்தாள்.

"மாப்ளே!" என்றார் ஹட்சன். "சாப்டியா?"

"மச்சான், காலண்டர் என்ன ஆச்சு?"

"எந்தக் காலண்டர்?"

"ரெண்டு வருஷம் முன்ன என்கிட்ட படமெல்லாம் வாங்கினீங்களே."

"அதுவா... அச்சாபீஸ்ல லேட்டாகுது."

"ஒரு பக்கம் மட்டும் வந்துடுச்சு மச்சான். ஆறு வாரம் முன்ன, எங்க பேப்பர்லயே. நான் பேரவாவுலதான் நிக்கறேன்."

"மாப்ளே, இங்க பாரு." குரல் தணிந்தது. "கிளினிக் கட்டத்தான் போறோம். பணம் வேற எங்கேயோ போயிடுச்சு, அது மெம்பருக்குத்தான் தெரியும். கொஞ்சம் முன்கூட்டியே திறந்துட்டோம், அவ்வளவுதான். படம் யாருதுன்னு தெரியாதுன்னு சொல்லிடு. மஞ்சக் கட்டிடம் எங்க இல்ல? என் வேலை போயிடும்டா. என் தங்கச்சியை நெனச்சுப் பாரு."

"சர்ச் பெஞ்சுல படுத்த ஏழு தங்கச்சியை இன்னிக்கு நெனச்சுட்டுத்தான் வரேன் மச்சான்" என்று போனை வைத்துவிட்டேன்.

அக்கா பாறையில் உட்கார்ந்தாள்.

"உன்னை இழுக்காமலும் எழுதிப் பார்க்கலாம். ஆனா எடிட்டர் ஆதாரம் கேப்பார். திருப்பாத அசல் படம், தேதியோட, உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதைக் குடுத்தா அது எப்படி வெளிய போச்சுன்னும் சொல்லணும். உன் வீட்டு விஷயம். நீதான் சொல்லணும்."

"அதுக்கு முன்ன எனக்கு ஒண்ணு சொல்லுங்கக்கா. நான் தின்னது தின்னேன். ஆனா படத்தை ஆபீஸ்ல குடுத்தேனே. அன்னிக்கே பேரவான்னு போட்டிருந்தா, இன்னிக்கு எவனும் அதை லோகிரி ஆக்கியிருக்க முடியாது. ஏன் வரல?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அன்னிக்கு மெம்பர் ஆபீஸ்ல இருந்து ஏதோ படகு வழங்கற செய்தி வந்துது. ரெண்டுக்கும் இடம் இல்ல. 'பொம்பளைங்க ரொட்டி சுட்டுக் கட்டினது, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்'னு ஒதுக்கிட்டாங்க. அடுத்த வாரம் வரவே இல்ல."

"ஒதுக்கினது யாரு?"

"நான்தான்" என்றாள் லவினா அக்கா.

ஊரில் உள்ள எல்லாரையும் துப்பறிந்தவள், கடைசியில் தன் மேசைக்கே வந்து நின்றாள். கீழே ங்காலிக் கொட்டை உடைபடும் சத்தம் டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி எழுந்திருங்க" என்றேன். "அசல் வீட்டுல பெட்டிக்குள்ள இருக்கு. நாளைக்கு விமானத்தை விட்டா போச்சு."

வியாழக்கிழமை பேப்பரின் முதல் பக்கத்தில் இரண்டு படங்கள் அருகருகே வந்தன. ஒன்று பொய், ஒன்று அசல். தலைப்பை அக்காவே எழுதினாள்: 'லோகிரியில் கிளினிக் இல்லை. அதைத் திறந்தது நாங்கள்தான்.' பேரவாப் பெண்கள் கட்டிய கதை முழுசாக வந்தது. இரண்டு வருஷம் முன்பு அதை ஒதுக்கி வைத்த நிருபரின் பெயர் வந்தது. படம் கைமாறிய விதமும் வந்தது. அசல் படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில், பதினோரு வருஷத்தில் முதன்முறையாக: 'படம்: மொஃபாட்.' இடது மூலையில் வால் அப்படியே இருந்தது. அக்கா அதைக் கத்தரிக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. மனைவி பேப்பரை மேசையில் விரித்து வைத்திருந்தாள். மீன் குழம்பை என் பக்கம் தள்ளினாள்.

"அண்ணன் நாலு தடவை போன் பண்ணிட்டான்."

"என்ன சொன்ன?"

"நான் எடுக்கல. சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டோர்கஸிடமிருந்து செய்தி வந்தது. 'கப்பல் எங்க சரக்கோட கிளம்பிடுச்சாம். இங்க பிரசவ அறையில கிழங்கெல்லாம் தோண்டியாச்சு. வராண்டாவுல இருந்து நாய்தான் எழுந்திருக்க மாட்டேங்குது.'